தாத்தாவின் ரிவால்வருக்கு முலாம் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டிலிருக்கும் பழைய பொருட்களை விற்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். குத்துவிளக்கு, கிராமபோன், சுவர்க் கடிகாரம் என்று வந்த வரிசையில் பழைய துப்பாக்கியையும் சேர்த்து, மெருகேற்றிக் கொடுத்தால் நல்ல விலை போகும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேயுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. துப்பாக்கியைத் தேய்த்து நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவரிடமிருந்து முறைப்படி லைசென்ஸில் மாற்றி வாங்கிய ரிவால்வர் அது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்தது, தோட்டாவின் பருமன் .32 அளவு. நடுவில் மடக்கித் திறந்தால் தோட்டாக் கூடுகள் தானாக மேலே எழும்பி வரும் வகை. அப்பா அதைச் சுட்டு நாங்கள் பார்த்ததே இல்லை, ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. மறுநாள் அதை யாரும் ஒழுங்காகத் துடைப்பதில்லை. அப்புறம் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, மாதக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டுத் திரும்பி வரும். ஆங்காங்கே துரு பிடித்துவிட்டது. எழுபதுகளில் அப்பா ஒரு காரியம் செய்தார். அம்பாசிடர் காருக்கு பம்பர் முலாம் போடும் பட்டறையில் கொடுத்து ரிவால்வரையும் முக்கி எடுத்துவிட்டார். வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது, வீடே வந்து பார்த்தது!

அது சட்டப்படியே தவறு என்று அப்பாவுக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும், பம்பர் பட்டறைக்கு அது கிடையாது.

அப்பா இறந்த பிறகு, வாரிசுகள் செய்ய வேண்டியபடி லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். எனக்கும் தம்பிக்கும் வைத்துக்கொள்ளும் ஆசை இல்லை, விற்றுவிடலாம் என்று முடிவு. இங்கேதான் கதை ஆரம்பம். மேல்பட்டையில் மார்க் IV என்று பொறித்திருப்பதைத் தம்பி பார்த்தான், செல்போனில் தேடினான், '1899, போயர் போர்' என்று, தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர்கள் நடத்திய போரின் பெயரோடு வந்தது. அவ்வளவுதான், நூற்றிருபது வருடப் பொக்கிஷம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். 1899இல் வந்த மார்க் IV இருப்பது உண்மை, ஆனால் அது .455 அளவு, ராணுவத்துக்குச் செய்த பெரிய உருப்படி. எங்களுடையது அதே பெயரில் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த சின்னது. பெயரை மட்டும் பார்த்து வயது சொன்னால் இப்படித்தான் ஆகும்.

ரிவால்வரின் உண்மையான ஜாதகம் அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரைகளில்தான் இருக்கிறது. கம்பெனிப் பெயரே ஒரு தேதி: பி. வெப்லி அண்ட் சன் என்றிருந்தால் 1897க்கு முந்தியது, 'வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்றிருந்தால் 1906க்குப் பிந்தியது. அடுத்தது பர்மிங்காமில் வெடித்துச் சோதித்ததற்கான கிரீட முத்திரைகள். கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்ற மூன்று எழுத்து சேர்ந்திருந்தால் அது 1950களின் நடுவில் வந்த முத்திரை, எங்களுடையதில் அது இல்லை, பி.வி., பி.பி., என்.பி. என்று தனித்தனியாக இருந்தது. ஆக இரண்டு போர்களுக்கு நடுவிலோ, சற்றுப் பிந்தியோ செய்தது என்ற அளவுக்கு வந்தோம். சில துப்பாக்கிகளில் விற்ற கடையின் பெயரும் இருக்கும், கல்கத்தா மேன்டன், கல்கத்தா ரோடா என்று. ரோடாவின் மவுசர் பிஸ்டல் பெட்டிகளைத்தான் 1914இல் வங்காளப் புரட்சிக்காரர்கள் வண்டியோடு கடத்திக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு கடைப் பெயர் இருந்தால் விலைக்குக் கொஞ்சம் கனம் சேரும், ஆனால் முதலில் அந்தப் பெயர் படிக்கிற நிலையில் இருக்க வேண்டுமே!

முலாம் பூசுவதற்கு முன்னால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? துருவை எடுக்கச் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பார். துருவோடு முத்திரையும் போய்விடும். எங்கள் ரிவால்வரில் வெப்லியின் அடையாளமான பறக்கும் தோட்டாவுக்கு ஒரு இறக்கைதான் மிச்சம். ஆணி உட்காரும் குழிகளின் விளிம்பு வழிந்து கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது, கூராக இருக்க வேண்டிய ஓரங்கள் எல்லாம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. கடைக்காரர் இதையெல்லாம் கையில் வாங்கிய ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கம்பெனியிலேயே நிக்கல் பூசி வந்த வெப்லிகளும் உண்டு. ஆனால் நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், இது நீலம் தட்டும் குரோமியம் என்றார். முலாமுக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரிந்தாலே பிறகு பூசியது என்று அர்த்தம், புதிதாகச் செய்த இரும்பில் குழி ஏது? இன்னொன்றும் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவசரமாகச் செய்த .38 வெப்லிகளில், மெருகு சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது போல 'வார் ஃபினிஷ்' என்று கம்பெனியே பொறித்து அனுப்பியதாம். அந்த எழுத்தோடு கண்ணாடி போல மின்னும் ரிவால்வரை யாராவது நீட்டினால் வேறு சாட்சியே வேண்டாம்.

இதுவரை சொன்னது விலை சம்பந்தப்பட்டது. வயிற்றைக் கலக்கியது வரிசை எண். சட்டகத்தின் மேல் இருந்த எண்ணில் கடைசி இலக்கம் 3ஆ, 8ஆ என்று தெரியவில்லை, தேய்ந்து பாதி நிரம்பிப் போயிருந்தது. ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு எண்ணை அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அதோடு விடவில்லை, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர் இல்லையென்று நிரூபிக்கும்வரை அவரே அழித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். எண் இல்லாததை விற்கவும் முடியாது. அப்பா ஐம்பது வருடம் முன்னால் பளபளப்புக்கு ஆசைப்பட்டதற்கு நாங்கள் குற்றவாளியாக நிற்க வேண்டுமா என்று தம்பி கத்தினான். கடைசியில் கைகொடுத்தது இரண்டு விஷயம். சிலிண்டரில் அதே எண் இன்னொரு முறை குத்தியிருந்தது, அதைச் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்ததில் 8 தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் தாத்தா காலத்து லைசென்ஸ் புத்தகம். அதில் ஊதா மையில் முழு எண்ணும் எழுதியிருந்தது. நல்ல வேளையாக அம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

சரி, விலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் சேகரிப்பவர்கள், தேய்ந்து வெளுத்தாலும் கம்பெனியில் ஏற்றிய கருநீல மெருகு மிச்சம் இருக்கும் துப்பாக்கிக்குத்தான் மதிப்புத் தருவார்கள், மறுமெருகு என்றால் பெரிதாகக் குறைத்துவிடுவார்கள். நம் ஊரில் கணக்கே வேறு. 1980களில் இறக்குமதி நின்றுபோனதால் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற பெயருக்கே தனி விலை. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் நிர்பீக் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது விலை 1,22,360 ரூபாய். புதியதே அந்த விலை என்றால் பழைய இங்கிலாந்து உருப்படிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குகிறவருக்கு லைசென்ஸில் இடம் இருக்க வேண்டும், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. ஒருவர் நான்கு லட்சம் என்று வாயால் சொன்னார், எண் விவகாரம் தெரிந்ததும் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் ஒன்றரைக்குக் கேட்டு, குரோமியத்தைப் பார்த்து இன்னும் குறைத்தார்.

'பழம்பொருள் என்று சொல்லி லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம்' என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. சட்டம் விட்டுவைப்பது, பழுது பார்த்தால்கூடச் சுட முடியாத பழைய ஆயுதங்களை. எங்களுடையது இன்றைக்கும் சுடும்.

இப்போது தம்பிக்குப் புது யோசனை, குரோமியத்தை உரித்துவிட்டு மறுபடி கருநீலம் ஏற்றினால் என்ன என்கிறான். உரித்தபின் மெருகு ஏற்ற மறுபடி தேய்க்க வேண்டும், அந்த ஒற்றை இறக்கையும் போய்விடும் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன். ரிவால்வர் கடையில்தான் இருக்கிறது, மாதா மாதம் வைப்புக் கட்டணம் கட்டுகிறோம். உங்கள் கட்டுரையாளரிடம் சொல்லி அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடுங்கள், தம்பி உங்கள் பத்திரிகையைத்தான் எனக்கு எதிராகக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பொள்ளாச்சி.