நெடுநீர் வேறு, மடி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் ‘நாளை பார்க்கலாம்’ நோய் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தள்ளிப்போடுதல் என்பது சோம்பலின் நாகரிகப் பெயர்’ என்று முடித்து, சாட்சிக்கு ஒரு குறளையும் போட்டிருந்தீர்கள். அதில் ‘நெடுநீர்’ என்பது ‘நெடுநேர’ என்று அச்சாகியிருக்கிறது. நெடுநேர மறவியாம்!

“நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்” என்று வள்ளுவர் எண்ணியே சொல்கிறார். காலம் நீட்டிப்பது (நெடுநீர்) ஒன்று, மறதி (மறவி) ஒன்று, சோம்பல் (மடி) இன்னொன்று, தூக்கம் (துயில்) வேறொன்று. உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையாளருக்குத்தான் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்ட அவசரம். மாணவர்களில் 80 முதல் 95 சதவீதம் பேர் தள்ளிப்போடுகிறார்கள் என்று, தள்ளிப்போடுதலை ஆராய்ந்த பியர்ஸ் ஸ்டீலின் 2007 ஆய்விலிருந்து எடுத்துப் போட்டவர், ‘என்னால் முடியாது’ என்ற எண்ணத்துக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் அதே ஆய்வில் இருப்பதை விட்டுவிட்டார்.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் 14 ஆண்டுகளாக இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது, மே மாதச் சம்பளம் இல்லை. சரி, அது வேறு கதை.

போன பருவத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் மூன்று வாரமாக ரெக்கார்டு நோட்டு வைக்கவில்லை. கேட்டால் “நாளைக்கு மேம்”. ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். பழுப்பு அட்டை போட்டு, ஓரக்கோடு கிழித்து, முறுக்கு ஊசல் என்ற சோதனைக் கருவியைப் பென்சிலில் அச்சு மாதிரி வரைந்திருக்கிறான். ‘எய்ம்’ (நோக்கம்) என்பதன் கீழே மட்டும் ஒன்றுமில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் ஆங்கில வாக்கியமே தப்பாகிவிட்டால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்று பயம். ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஜவுளிக்கடைக்குப் போய் இரவு பத்து மணி வரை நிற்கிற பையன் இவன். இவனா சோம்பேறி? தமிழில் சொல்லச் சொல்லி, உட்கார்ந்து இரண்டு வரி எழுத வைத்தேன். அந்த வாரமே மூன்று சோதனையும் முடித்துவிட்டான். போனைத் தேய்த்தே பொழுதைக் கழிக்கிறவர்களும் உண்டு, அவர்களை நானும் திட்டத்தான் செய்கிறேன்.

அப்புறம், பெரியவர்களின் நெடுநீர் உங்கள் கண்ணில் படுவதில்லையா? மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அரியர் கட்டணத்துக்குக் கடைசித் தேதி போய்விடுகிறது. பாஸ் ஆகப்போகிறவனும் பயந்துகொண்டு பணம் கட்டுகிறான். எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. எங்கள் கைக்கு அது வந்ததில்லை. இதையெல்லாம் இரண்டு வருடம் முன்பு எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, மணமகன் தேவை விளம்பரத்துக்கு மேலே போட்டீர்கள். நன்றி.

இப்போது கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு 605-ஆம் குறளைப் பிழையில்லாமல் ஒருமுறை அச்சிடுங்கள். உங்கள் பக்கத்தை வெட்டி எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ‘நேர’வைச் சிவப்பு மையில் நான்தான் திருத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்
(பெயர் போட வேண்டாம். ஜூனிலும் வேலை வேண்டும்.)