குழுவைக் கலைக்கலாம், காரணத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் எந்தெந்த நோய்த்தடுப்புப் பரிசோதனைகள் தேவை என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழுவின் உறுப்பினர்களைச் சுகாதார அமைச்சர் நீக்கலாம் என்று 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாதம் அங்குள்ள இன்னொரு குழுவான தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் அமைச்சர் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட குழுக்கள்மீது அரசின் மேற்பார்வை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காரணம் மக்களுக்குப் புரிய வேண்டாமா? குன்னூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. இங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசித் தயாரிப்பு உரிமத்தை 2008-ல் நிறுத்திவைத்த மத்திய அரசு, 2010-ல்தான் திரும்பத் தந்தது. நம் நாட்டிலும் தடுப்பூசிக்குத் தேசிய ஆலோசனைக் குழு இருக்கிறது, சரி, அதன் முடிவுகளைத் தமிழில் உடனுக்குடன் வெளியிட்டால் என்ன? ‘இன்னொரு ஊசி எதுக்கு?’ என்ற கேள்வி, தேயிலைத் தோட்டத்துக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வரும் செவிலியரிடம்தானே வந்து விழுகிறது.

ஒரு வாசகர், குன்னூர்