சனிக்கிழமை மாலை கன்னியாகுமரியில் படமெடுத்தல்

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கே அனைவரும் கன்னியாகுமரிக் கடற்கரையின் மேற்குப் பக்கத்துக்கு வந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்; வள்ளுவர் சிலை கரைக்குத் தென்கிழக்கே இருப்பதால், அதை நோக்கி நின்றால் மறையும் சூரியன் நம் முதுகுப் பக்கம் போய்விடும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலை (ஒளிக்கு ஏற்ப நிறங்களைத் தானே சரிசெய்யும் அமைப்பு) வானத்தின் செம்மையைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், அதை மேகமூட்டத்துக்கான அமைப்புக்கு மாற்றி, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் சூரியனுக்கு அருகே தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படிந்தால் சூரியனைச் சுற்றி வெண்புகை போலப் படரும், ஆகவே மென்துணி அவசியம். சூரியன் மறைந்ததும் முக்காலியை மடித்துவிடாதீர்கள் (சென்ற முறை பாதிப் பேர் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள்). மேகங்களின் அடிப்பகுதி பெரும்பாலும் அதற்குப் பிந்தைய 20 நிமிடங்களில்தான் சிவக்கும்.