மாங்குளம் சந்தியில் ஒரு மின்னேற்றி வையுங்கள்

மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலிவான மின்சாரக் கார்கள் வந்தும் வன்னியில் வாங்குவார் இல்லை, மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று உங்களில் ஒருவர் அண்மையில் ஒரு கூட்டத்தில் கவலைப்பட்டார். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக விழித்திருந்தவர்கள் நாங்கள். விழிப்பில் எங்களுக்குக் குறையில்லை, ஐயா.

அந்த வரிசைக்குப் பயந்தே, யப்பானில் ஓடித் தேய்ந்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். சென்ற மாதம் வவுனியாவில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடிந்து திரும்புகிறோம். வெக்கை தாங்காமல் ஏசி போட்டோம். மாங்குளம் சந்தியில் மீட்டர், இன்னும் 36 கிலோமீற்றர்தான் ஓடும் என்றது. முல்லைத்தீவுக்கோ இன்னும் ஏறக்குறைய 50. செயலி காட்டிய மின்னேற்றி பழுது. தேநீர்க்கடைக்காரர் ஒருவர் தன் குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுப் பிளக்கைத் தந்தார். மூன்று மணி நேரம். கண்ணில் கட்டோடு அம்மா கடை வாங்கிலேயே இருந்தார். "பஸ்ஸில் வந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். கரண்டுக்குக் கொடுத்த காசைக் கடைக்காரர் வாங்கவில்லை. தேநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

மின்சாரக் கார் பார்த்துவைத்திருந்த என் மச்சான், இந்தக் கதையைக் கேட்ட மறுநாளே பெற்றோல் காருக்கு முற்பணம் கட்டிவிட்டார். விலை காரணமில்லை.

ஆகவே கேட்கிறேன்: மாங்குளம் சந்தியில் ஒரு விரைவு மின்னேற்றி வையுங்கள். யப்பானியப் பழைய கார்களுக்கு ஒரு பிளக், புதிய சீனக் கார்களுக்கு வேறு பிளக், இரண்டும் இருக்கட்டும்.

வீட்டில் ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றுகிறோம், அலகு கூடக் கூட விலையும் ஏறும் பட்டியல் உங்களுடையதுதானே. மன்னார்க் காற்றில் 100 மெகாவாற்றுக்கு மேல் திறனுள்ள காற்றாலைகளை நட்டிருக்கிறீர்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்துங்கள் என்றும் கேட்டீர்கள். சூரியனை நிறுத்தச் சொல்லத் தெரிகிறது, சந்தியில் ஒரு பிளக் வைக்கத் தெரியவில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கு ஒன்று நாட்டையே இருட்டாக்கியதாக நீங்கள் சொன்னதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மாங்குளம் சந்தியில் ஒரு மின்னேற்றி. வைத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆள். இவ்வளவே. இடம் பார்க்க வருவீர்களானால் அந்தத் தேநீர்க்கடையிலேயே சந்திப்போம். வாங்கு கொஞ்சம் ஆடும், கவனமாக உட்காருங்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு மின்சாரக் கார்க்காரன்