தென்னாப்பிரிக்காவின் ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவுக்குப் பயணம்: ஜூலை 18, சனிக்கிழமை

சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

அதிகாலை 3.30-க்குப் பள்ளி வாசலில் கூடவும். நியாலாசி வாயில் வழி உள்ளே போகிறோம். குளிர்காலத்தில் வாயில் காலை 6-க்குத் திறந்து மாலை 6-க்கு மூடும்.

1. எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று எழுதுங்கள்: சிங்கமா, பறவையா, படம் எடுக்கவா, பிள்ளைகளோடு ஒரு நாள் கழிக்கவா? அதை வைத்தே வண்டி பிரிப்போம். ஒரு பறவைக்காக அரை மணி நேரம் நிற்பவரையும் நாலு வயதுப் பிள்ளையையும் ஒரே வண்டியில் ஏற்றினால் இருவருக்கும் பாடு.

2. காண்டாமிருகம் தென்பட்டால் இடத்தை எங்கும் எழுத வேண்டாம், இந்தக் குழுவிலும்தான். கேமராவில் இடக்குறிப்பை இன்றே அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாகுமென்டாக அனுப்பினால் அந்தக் குறிப்பும் கூடவே போகும். வேட்டைத் திருடர்களுக்கு அது போதும். 2024-இல் இங்கே பூங்காவினரே காண்டாமிருகங்களின் கொம்பை வெட்டத் தொடங்கியதும் அந்தத் திருடர்களிடமிருந்து அவற்றைக் காக்கத்தான். கொம்பில்லாமல் நின்றால் நோயென்று பயப்பட வேண்டாம்.

3. வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. சிங்கம் என்று கேள்விப்பட்டதும் பறப்பவர்கள்தான் வழியில் நிற்கும் மற்றதையெல்லாம் தவறவிடுகிறார்கள்.

4. நாலு வண்டி நிற்கும் இடத்தில் சாலையை அடைக்காதீர்கள். யானை நெருங்கினால் பின்னால் நகர வழி வேண்டும். ஹாரன் கூடவே கூடாது.

5. குறித்த இடங்களில் மட்டும் இறங்கலாம். சாப்பாட்டை மூடியே வையுங்கள். ஒரு வடை கொடுத்தால் குரங்கு அடுத்த வண்டியில் பறிக்கும்.

பெயர், ஆள் எண்ணிக்கை, 1-க்கான பதில் மூன்றும் ஜூலை 10-க்குள் வேண்டும்.