வார்டு இன்சார்ஜ் ஆன தங்கச்சிக்கு, யார்க்‌ஷயர்லேர்ந்து அக்கா

பாப்பா,

எப்படி இருக்க? உனக்கு வார்டு இன்சார்ஜ் குடுத்துட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம்டி. ஆனா அதே மூச்சுல இன்னொன்னும் சொன்னாங்க, நீ பாண்டிச்சேரிலேர்ந்து பஸ் ஏறி திருப்பாப்புலியூர் வந்து இறங்கறப்பவே தலைவலியோட வர்றியாம், புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்களை கத்தி கத்தி தொண்டை கட்டிக்கிச்சாம். போன்ல பேசலாம்னா நான் டியூட்டி முடிச்சு வர்ற நேரம் உங்களுக்கு நடுராத்திரி தாண்டிடுது. அதான் எழுதறேன், கிருமாம்பாக்கம் தாண்டறதுக்குள்ள படிச்சு முடிச்சுடுவ.

இங்க இங்கிலாந்துல எனக்கு ஒண்ணும் குறையில்ல. குளிர் பழகிடுச்சு, வீட்டுக்காரம்மா தங்கமானவங்க, சாம்பார் பொடி தீர்ந்துபோச்சு அவ்ளோதான். பன்னெண்டரை மணி நேர டியூட்டி, காலைல ஏழரைக்கு ஹேண்டோவர் ஆரம்பிச்சா ராத்திரி எட்டு. எலும்பு ஆபரேஷன் வார்டு, நிறைய பேர் எண்பது வயசு தாண்டின தாத்தா பாட்டிங்க. நான் எழுத வந்தது எங்க வார்டு சிஸ்டருங்க, அதாவது இன்சார்ஜ் நர்ஸுங்க, புது ஆளுங்களை எப்படி வச்சுக்கறாங்கன்றதை பத்தி. வந்த நாள்லேர்ந்து இதையேதான் நெனச்சுகிட்டு இருக்கேன், இப்போ நீயும் இன்சார்ஜ் ஆயிட்ட, உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்ல.

நான் இங்க வந்து இறங்கினப்ப நேரா வார்டுல தள்ளிவிடல. ஆஸ்கின்னு நர்ஸ் வேலையை செஞ்சு காமிக்கற எக்ஸாம் பாஸ் பண்ணி, நர்ஸா பதிவு பண்ணதுக்கான பின் நம்பர் வர்ற வரைக்கும் நர்ஸா தனியா மருந்து குடுக்க விடமாட்டாங்க. பின் நம்பர் வந்தப்புறமும் கொஞ்ச நாள் ஆள் கணக்குல சேக்காம கூடுதலாதான் வச்சிருந்தாங்க, அதாவது அன்னிக்கு வார்டுக்கு அஞ்சு நர்ஸ் வேணும்னா அஞ்சு பேரும் இருப்பாங்க, நான் ஆறாவது. அப்புறம் எனக்குன்னு ஒரு சீனியர், ப்ரிசெப்டர்னு சொல்லுவாங்க, ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் அவங்கதான் பொறுப்பு. உக்காந்து பேசறதுக்குன்னே ரோஸ்டர்ல நேரம் போட்டு வச்சிருப்பாங்க. வார்டு பிஸியா இருந்தா அந்த நேரம் தள்ளிப்போகும், இங்கயும் ஆள் பத்தாத நாள் நிறைய உண்டு, எல்லாம் சொர்க்கம்னு நெனச்சுக்காத. ஆனா தள்ளிப்போனா எங்க சிஸ்டர் மறுபடி தேதி போட்டு கூப்பிடுவாங்க, மறக்கறதே இல்ல.

ஒரு ராத்திரி நடந்ததை சொல்றேன் கேளு. எங்ககூட கேரளா பொண்ணு ஒண்ணு இருக்கு, நல்ல பொண்ணு, அப்போதான் பின் நம்பர் வந்திருந்துச்சு. இடுப்பு எலும்பு ஆபரேஷன் பண்ண பெரியவர் ஒருத்தருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அப்சர்வேஷன் எடுக்கறா, மூச்சு நிமிஷத்துக்கு 26, பல்ஸ் 114, மேல் பிபி 98, ஜுரம் 38.4. இங்க நாடு முழுக்க நியூஸ் 2ன்னு ஒரு ஸ்கோர் வச்சிருக்காங்க, 2017ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்னு டாக்டருங்க அமைப்பு போட்டது, மூச்சுக்கு இத்தனை பாயிண்ட் பிபிக்கு இத்தனை பாயிண்ட்னு கூட்டணும். அஞ்சு வந்தா டாக்டருக்கு சீக்கிரம் சொல்லணும், ஏழு தொட்டா எமர்ஜென்சி. இவருக்கு எட்டு. இவ என்னடான்னா போனை கைல எடுத்துகிட்டு அப்படியே நிக்கறா. நான் அடுத்த பெட்லேர்ந்து பாக்கறேன், விரல் நடுங்குது. அன்னிக்கு நைட்டு இன்சார்ஜா இருந்த சிஸ்டர் பாத்துட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல வேலை பாத்த ஞாபகத்துல, போனை புடுங்கி அவங்களே பேசிடுவாங்க, அப்புறம் திட்டு விழும்னு நெனச்சேன். அவங்க போனை தொடவே இல்ல. பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு பாத்துட்டு, கையுறை பாக்ஸ் அட்டைல பேனாவால நாலு வரி எழுதினாங்க, இப்போ என்ன நடக்குது, இவர் யாரு என்ன ஆபரேஷன், நீ என்ன நெனக்கிற, உனக்கு டாக்டர்கிட்ட என்ன வேணும். டாக்டர்கிட்ட விஷயத்தை வரிசையா சொல்ற இந்த முறையை எஸ்பார்னு சொல்லுவாங்க, நீயும் படிச்சிருப்ப. "நீ பேசு, நான் இங்கயே நிக்கறேன், மூச்சு 26ன்றதை மொதல்ல சொல்லு"ன்னாங்க. அவ பேசினா. டாக்டர் வந்துட்டாரு, ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்க பிளட் கல்ச்சர் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக், ஃப்ளூயிட் எல்லாம் ஏறிடுச்சு.

நாலு மணி வாக்குல கொஞ்சம் அடங்கினதும் சிஸ்டர் அவளை ஸ்டாஃப் ரூமுக்கு கூட்டிட்டு போய் உக்கார வச்சு, எந்த இடத்துல தயங்கினன்னு கேட்டாங்க. ஏன் தயங்கினன்னு கேக்கலடி, எந்த இடத்துலன்னு கேட்டாங்க. அவ அழுதுகிட்டே சொன்னா, முன்னாடி வேலை பாத்த இடத்துல ராத்திரி டாக்டரை எழுப்பினதுக்கு எல்லார் முன்னாடியும் வாங்கி கட்டிக்கிட்டாளாம், அதுலேர்ந்து போனை எடுத்தாலே கை ஓடலையாம். சிஸ்டர் முழுசா கேட்டுட்டு, இங்க ராத்திரி கூப்பிட்டதுக்கு யாராவது திட்டினா எங்கிட்ட வா, அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்னாங்க. சொன்ன மாதிரியே செஞ்சும் காமிச்சாங்க, அது வேற கதை.

பயந்த பொண்ணு உன்கிட்ட எதையும் சொல்லமாட்டா பாப்பா. ட்ரிப் லேட்டா போட்டதை சொல்லமாட்டா, டோஸ் சந்தேகமா இருந்தா கேக்கமாட்டா, பேஷண்ட் முகம் சரியில்லன்னு தோணினாலும் வாயை திறக்கமாட்டா, ஏன்னா திறந்தா உன்கிட்ட திட்டு விழும். கடைசில எல்லாம் பேஷண்ட் தலைலதான் விடியும். கத்தினா வேலை நடக்குதுன்னு நமக்கு தோணும், நடக்கற மாதிரி தெரியும் அவ்ளோதான்.

இவங்களும் இதை சும்மா கத்துக்கல. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர்னு ஒரு இடத்துல, 2005லேர்ந்து 2009 வரைக்கும், ஆஸ்பத்திரில பேஷண்டுங்களை பாக்காம விட்டு பெரிய கொடுமை நடந்திருக்கு, தண்ணி கேட்டு கிடந்தவங்க, படுக்கையிலயே அசிங்கமா கிடந்தவங்க. ராபர்ட் பிரான்சிஸ்னு ஒரு வக்கீல் தலைமைல விசாரணை நடந்து 2013 பிப்ரவரில ரிப்போர்ட் வந்துச்சு, 290 பரிந்துரை. அதுல முக்கியமா சொன்னது, அங்க வேலை பாத்தவங்க வாயை திறக்கவே பயந்தாங்கன்றது. அதுக்கப்புறம்தான் தப்பு நடந்தா பேஷண்ட் குடும்பத்துக்கு உண்மையை சொல்லியே ஆகணும்னு 2014ல சட்டமாவே கொண்டு வந்தாங்க. பேச தைரியம் இல்லாத ஸ்டாஃப் போய் சொல்றதுக்குன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் தனியா ஒரு ஆள் இருக்காங்க. அதே 2013லதான் கேட் கிரேஞ்சர்னு ஒரு டாக்டர், எங்க யார்க்‌ஷயர்ல வேலை பாத்தவங்க, கேன்சர் வந்து பேஷண்டா படுத்திருந்தப்ப, வர்றவங்க யாரும் தன் பேரை கூட சொல்றதில்லன்னு கவனிச்சு, 'ஹலோ, என் பேரு இது'ன்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. 2016ல போயிட்டாங்க, 34 வயசுதான். இன்னிக்கும் அந்த வார்த்தை போட்ட மஞ்சள் பேட்ஜ் என் சட்டைல இருக்கு.

இங்க கோர்ஸ்ல மைக்கேல் வெஸ்ட்னு ஒரு புரொஃபசர் சொன்னதை வச்சு பாடம் எடுக்கறாங்க. கூட வேலை செய்யறவங்களை மொதல்ல கவனிச்சு கேளு, அவங்க நிலைமையை புரிஞ்சுக்கோ, அவங்க படறதை நீயும் உணரு, அப்புறம் உதவி பண்ணு. இதுல எனக்கு பெருசா படறது அந்த கடைசி ஒண்ணுதான். பாவம்னு சொல்லிட்டு போறது ஈஸி. ரோஸ்டரை மாத்தி குடுக்கறது, சாப்பிட போக சொல்லிட்டு அவ பெட்டை நீ பாத்துக்கறது, டாக்டர்கிட்ட அவளுக்காக நிக்கறது, இதெல்லாம்தான் கஷ்டம்.

இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் வரும்னு அக்கா சொல்றேன்னு நெனச்சுடாத. பெரியம்மா நம்ம கடலூர் ஜிஎச்ல ஸ்டாஃப் நர்ஸா இருந்தப்ப சுனாமி அன்னிக்கு நடந்ததை எத்தனை தடவை சொல்லிருக்காங்க. 2004 டிசம்பர் 26, தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் பக்கமிருந்து வண்டி வண்டியா வந்துகிட்டே இருந்துச்சு, நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னிக்கு ஹெட் சிஸ்டர் ஒவ்வொரு சின்ன நர்ஸா பத்து நிமிஷம் பின்னாடி கூட்டிட்டு போய், அழறதுன்னா அழு, தண்ணி குடி, அப்புறம் வான்னு அனுப்பினாங்களாம். யாருமே பாதில வீட்டுக்கு போகலன்னு பெரியம்மா சொல்லுவாங்க. அந்த ஹெட் சிஸ்டர் எந்த கோர்ஸ் படிச்சாங்க? ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு நீ மாத்து ஆள் வராம தொடர்ந்து டியூட்டி பாத்தப்ப உனக்கு மாத்து துணி குடுத்து ரெண்டு மணி நேரம் தூங்க வச்சது உன் பழைய இன்சார்ஜ்தானே, நீயே சொன்ன. அவங்களை மாதிரி இரு.

இன்னொரு மாதிரியும் நாம பாத்திருக்கோம். என் பேட்ச்மேட் ஒருத்தி, பேர் வேணாம், எங்க எல்லாரையும் விட நல்லா ஐவி போடுவா. அவளை இன்சார்ஜ், பேஷண்ட்கூட வந்த அட்டெண்டர்ங்க முன்னாடியே ஃபைலை தூக்கி போட்டு திட்டி, தொட்டதுக்கெல்லாம் எக்ஸ்ப்ளனேஷன் லெட்டர் எழுத வச்சு, கடைசில அவ நர்ஸிங்கே வேணாம்னு நெல்லிக்குப்பத்துல துணிக்கடைக்கு போயிட்டா. எனக்கு இன்னும் ஆறலடி. எவ்ளோ பேருக்கு ஊசி வலிக்காம போட்டிருப்பா அவ.

உன் கஷ்டம் எனக்கு தெரியாம இல்ல. ரெண்டு பேர் செய்யற வேலைக்கு ஒரு ஆளு, மேல மேனேஜ்மென்ட், கீழ அட்டெண்டர் சத்தம், நடுவுல நீ. ப்ரிசெப்டர்க்கெல்லாம் எங்க போறதுன்னு கேப்ப. பெருசா ஒண்ணும் வேணாம். அந்த ரெண்டு பொண்ணுங்களையும் ஒரே நைட்டுல ஒண்ணா போடாத, ஆளுக்கு ஒரு சீனியர்கூட போடு, அதுவும் பொறுமையான சீனியரா பாத்து போடு. ஹேண்டோவர் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் தனியா கூப்பிட்டு இன்னிக்கு எது பயமா இருந்துச்சுன்னு கேளு, கேட்டுட்டு பேசாம இரு, அவங்களே சொல்லுவாங்க. திருத்தணும்னா பேஷண்ட் பெட்டுகிட்ட வேணாம், மருந்து ரூமுக்கு கூட்டிட்டு போய் சொல்லு, ஆனா கண்டிப்பா சொல்லு, டோஸ் தப்புன்னா தப்புன்னு நேராவே சொல்லு. அன்பா இருக்கறதுன்னா விட்டுடறதுன்னு அர்த்தமில்ல. எங்க சிஸ்டர் கை கழுவாம பெட்டுகிட்ட போனா யாரா இருந்தாலும் நிறுத்திடுவாங்க, டாக்டரா இருந்தாலும் சரி.

அப்புறம் உனக்குன்னும் ஒரு ஆளு வச்சுக்கோ. உன் பழைய இன்சார்ஜ்கிட்ட வாரத்துல ஒரு தடவையாவது பேசு, இல்ல பெரியம்மா வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வா, அவங்களுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்.

அப்பாவுக்கு கண் செக்கப்புக்கு பணம் அனுப்பிருக்கேன், அரவிந்த்ல காமிச்சுடுங்க, இந்த தடவை தள்ளிப்போட விடாத. அம்மா பிபி மாத்திரையை ஒழுங்கா போடறாங்களான்னு நீயே ஸ்ட்ரிப்பை எண்ணிப் பாரு. அந்த ரெண்டு பொண்ணுங்களும் எந்த ஊரு, எதுல தடுமாறுதுங்கன்னு விவரமா எழுது, என் ப்ரிசெப்டர் எனக்கு குடுத்த மருந்து கணக்கு பேப்பர் எல்லாம் வச்சிருக்கேன், தமிழ்ல எழுதி அனுப்பறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா