‘ஆவணம் சரியில்லை’ என்றால் எந்த ஆவணம்?

கடலூர் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரும் இருபத்தைந்து சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த பிள்ளைகளில் யார் தகுதி, யார் தகுதியில்லை என்ற பட்டியலைக் காரணத்தோடு பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது உங்கள் துறையே போட்ட விதி. நகரில் ஒரு பள்ளி ஒட்டிய பட்டியலில், தகுதியில்லாதவர்கள் பெயருக்கு நேரே மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம்: ‘ஆவணம் சரியில்லை.’ பிறப்புச் சான்றா, வருமானச் சான்றா, ரேஷன் கார்டா? பலகையில் இல்லை. உள்ளே போய்க் கேட்ட பெற்றோருக்கு, “ஆன்லைன்லயே அப்படித்தான் வருதும்மா” என்று பதில். அந்தப் பட்டியல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு விண்ணப்பத்தைத் தள்ளினால், எந்த ஆவணத்தில் என்ன குறை என்று எழுத்தில் கொடுங்கள். அதைத் திருத்திக் கொடுக்க மூன்று வேலை நாள் கொடுங்கள். இரண்டும், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் நடக்கும் குலுக்கலுக்கு முன்னால் நடக்கட்டும்.

அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாமே என்று பள்ளி அலுவலகங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். போட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 கணக்கில் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், நான்கைத் தாண்டக் கூடாது. இந்த மே மாதம் தள்ளப்பட்ட பிள்ளைக்கு அடுத்த மே மாதம் வயது போயிருக்கும். எல்.கே.ஜி.யில் சேர்க்கை தொடங்கும் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு மறு வாய்ப்பே கிடையாது. இதோடு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்ற எல்லையையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ வீட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில், இந்த ஒதுக்கீட்டுக்குள் வராத அரசு உதவி பெறுபவற்றையும் சிறுபான்மையினர் பள்ளிகளையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றில் ‘ஆவணம் சரியில்லை’ என்று எழுதினால் கதை முடிந்தது.

ஆவணம் எங்கே சிக்குகிறது என்பதை விவரமாகச் சொல்கிறோம். பெரும்பாலும் முகவரியில்தான்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்தும் வேலைக்காக வந்து வண்டிப்பாளையத்திலோ புதுப்பாளையத்திலோ வாடகைக்கு இருக்கும் குடும்பங்களின் ஆதாரும் ரேஷன் கார்டும் சொந்த ஊர் முகவரியில் இருக்கும். விண்ணப்பத்தில் வரைபடப் புள்ளியை வாடகை வீட்டின் மேல் வைப்பார்கள். அது உண்மையான வீடு. பதிவேற்றும் கார்டோ வேறு ஊரைச் சொல்லும். சரிபார்ப்பவர் இரண்டையும் பார்த்துத் தள்ளிவிடுகிறார். வாடகை ஒப்பந்தம் கொடுக்கலாமே என்றால், பத்துக்குப் பத்து அறைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிற வீட்டுக்காரர் எத்தனை பேர்? ஆதாரில் முகவரி மாற்ற முதலில் அந்த முகவரிக்கே ஒரு ஆதாரம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். காரணத்தை ‘முகவரிச் சான்று பொருந்தவில்லை’ என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தால், கேஸ் புத்தகமோ வி.ஏ.ஓ.விடம் இருப்பிடச் சான்றோ வாங்கிவர அந்தத் தாய்க்கு வழியுண்டு. எதை ஏற்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

புள்ளியிலும் ஒரு கோளாறு. விண்ணப்பம் பதிந்து தரும் மையத்தில் உட்கார்ந்து பதியும்போது வரைபடம் மையம் இருக்கும் இடத்திலேயே திறந்துகொண்டால், வீடு வரை அதை நகர்த்தி வைக்க வேண்டும். கூட்டத்தில் நகர்த்த மறந்தால் தூரம் மையத்திலிருந்து கணக்காகிவிடும். இன்னொன்று, கெடிலத்தின் இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் பள்ளி என்றால் நேர்க்கோட்டில் கிட்டம், பாலம் சுற்றிப் போனால் தூரம். எதை வைத்து அளப்பது என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவையில் அறுபது ரூபாய் கட்டி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படி ஏறி இறங்கி வருகிற சான்று அது. டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். எண்ணைத் தட்டினால் உண்மையா என்று உடனே பார்க்கலாம். பள்ளியில் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரவுண்டு சீல் எங்கே?” என்று திருப்பி அனுப்புகிறார்கள். தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால், இதற்குச் சீல் போடுவதில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. இந்த அலைச்சலில் இரண்டு நாள் கூலி போகிறது. போனால் போகட்டும் என்றாலும், கடைசித் தேதியும் அதோடு போய்விடுகிறது.

பெயரில் வரும் வேறுபாடு இன்னும் சின்னது. இ-சேவையில் சான்று வாங்க ஒவ்வொருவருக்கும் போடும் எண்ணான ‘கேன்’ பதிவில் இன்ஷியல் பின்னால் ஏறியிருந்தால் அதற்குப் பிறகு வாங்கும் எல்லாச் சான்றிலும் பின்னால்தான் வரும். பிறப்புச் சான்றில் முன்னால் இருக்கும். அதே அப்பா, அதே பிள்ளை. பிறப்புச் சான்றே இல்லாவிட்டாலும், வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அங்கன்வாடிப் பதிவேடு போதும், பெற்றோர் உறுதிமொழியும் போதும். 2024 டிசம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணைக் கரையில் நாணமேடு, உச்சிமேடு பக்கம் பீரோவோடு நனைந்த காகிதங்களை நீங்களே நேரில் வந்து பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அசல் எங்கே என்று கேட்பது நியாயமா?

எல்லாம் தாண்டி இடம் கிடைத்த பிறகும் விடுவதில்லை. கட்டணம்தான் இலவசம், புத்தகத்துக்கும் சீருடைக்கும் ‘ஆக்டிவிட்டி’க்கும் தனி என்று துண்டுச் சீட்டில் தொகை எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டில் பள்ளியின் பெயர் இருக்காது, பணத்துக்கு ரசீதும் வராது. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு வகுத்த கட்டணம் வாசலில் ஒட்டியிருந்தால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். ஒட்டியிருக்கிறதா என்று ஆய்வுக்குப் போகும்போது பாருங்கள். 2025இல் மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் ஏப்ரல், மே மாதத்தில் திறக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் திறந்தது. அதற்குள் பெற்றோர் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தார்கள். ஏழு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரசீது இல்லாமல் கட்டிய பணத்தை எந்த உத்தரவைக் காட்டித் திருப்பிக் கேட்பது? இந்தப் பிள்ளைகளுக்காக அரசு தர வேண்டிய நிதி வரவில்லை என்று பள்ளிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் காலத்தில் கொடுங்கள் என்று நாங்களும் சேர்ந்தே கேட்போம். ஆனால் அந்தப் பாக்கியை மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்க வந்தது அதே ஒன்றுதான். புதிய சட்டமோ புதிய நிதியோ இதற்குத் தேவையில்லை. ‘தகுதியில்லை’ என்று குறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆவணத்தின் பெயர், குறை, திருத்த வேண்டிய கடைசி நாள் என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்றும் நிரம்பாமல் எந்தப் பள்ளியும் பட்டியலை ஒட்டக் கூடாது என்று ஒரு வரி உத்தரவு அனுப்புங்கள். நிரப்பிய அந்தக் கட்டங்களின் நகலைப் பெற்றோர் கையில் தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி மட்டும் போதாது. விண்ணப்பத்தில் இருக்கும் கைபேசி எண் பல நேரம் பதிந்து கொடுத்தவருடையதாக இருக்கிறது.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் இந்த உத்தரவு பள்ளிகளுக்குப் போய்ச் சேரும்படி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சேர்க்கை விண்ணப்பம் நிரப்ப உதவும் தன்னார்வலர்கள்,
கடலூர்